சீ.ஆர்.இசட்டா, சிவிக் டர்போவா? மருமகனுக்கு ஒரு பதில்

அக்காவின் மகன் இங்கே திருகோணமலையில், நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். மூன்று வருடம் சேர்த்த காசு கொஞ்சம், மிச்சத்துக்கு லீசிங், இதை வைத்துக்கொண்டு ஓடினால் ஓடின மாதிரி இருக்கிற ஒரு கார் எடுக்கவேண்டும் என்று ஒரு மாதமாக என் உயிரை எடுக்கிறான். தொடங்கும்போது பதினைந்து கார் இருந்த பட்டியல் இப்போது மூன்றில் வந்து நிற்கிறது. 2012க்குப் பிறகு வந்த ஹொண்டா சீ.ஆர்.இசட் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டரும் சேர்ந்தது), சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய ஹொண்டா சிவிக் ஒரு லீற்றர் டர்போ, அப்புறம் பேச்சுக்கு ஒரு மின்சாரக் கார். மனம் முழுக்க சிவிக்கில்தான். காரணம் கேட்டால், "மாமா, ஹைபிரிட் எண்டா பென்சன் எடுத்த ரீச்சர்மார் ஓடுற கார். டர்போ எண்டாத்தான் கார்" என்கிறான்.

நான் ஒன்பது வருடம் ஹொண்டா இன்சைட் ஹைபிரிட் ஓடினவன். ரீச்சரும் இல்லை, பென்சனும் எடுக்கவில்லை. அதனால் இந்தக் கதை கொஞ்சம் சுட்டது. வாயால் அவனை வெல்ல முடியாது, யூடியூப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதனால்தான் எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிற வேறு ஆட்களுக்கும் உதவலாம். என் கணிப்பை முதலே சொல்லிவிடுகிறேன்: உவர்மலையில் வீடு, நிலாவெளியில் வேலை, மாதத்தில் இரண்டு தரம் கொழும்பு என்று இருக்கிற ஒருவனுக்கு, லித்தியம் பற்றரி உள்ள சீ.ஆர்.இசட் நல்ல நிலையில் கிடைத்தால் அதுதான். கிடைக்காவிட்டால் சிவிக். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றிப் போகவேண்டும், ஏனென்றால் இந்தக் கார்களை எஞ்சினியர்மார் மட்டும் செய்யவில்லை, சட்டங்களும் சேர்ந்து செய்திருக்கின்றன, எந்த ஊர்ச் சட்டத்துக்காகச் செய்த கார் என்று தெரியாமல் வாங்கினால் எங்கள் ஊரில் அது ஏன் சொதப்புகிறது என்பதும் விளங்காது.

ஹைபிரிட் என்றால் மெதுவானது என்ற எண்ணம் பிரியஸிலிருந்து வந்தது. 1997 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்தக் காரின் நோக்கமே பெற்றோல் மிச்சம் பிடிப்பதுதான். எங்கள் இலங்கையில் ஹைபிரிட்டுக்கு வரிச் சலுகை இருந்த காலத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவையும் பிரியஸ், அக்குவா, இன்சைட், ஃபிட் வகைதான். ஆனால் ரேஸ் ஓடுகிற பக்கம் கதை வேறு. 2009 இல் ஃபோர்முலா 1 கார்களில் பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைச் சேர்த்து வைத்து, ஒரு சுற்றுக்கு ஆறரை விநாடி போல 60 கிலோவாட் மேலதிகமாகக் கொடுக்க அனுமதித்தார்கள். 2012 இல் லு மான் 24 மணிநேரப் போட்டியை முதன்முதலாக ஒரு ஹைபிரிட் வென்றது, அவுடி ஆர்18. 2014 இலிருந்து ஃபோர்முலா 1 முழுக்க 1.6 லீற்றர் டர்போ ஹைபிரிட்தான்.

வீதிக் கார்களில் 2013 தான் திருப்பம். மெக்லரன் பி1, பொர்ஷே 918 ஸ்பைடர், லாபெராரி என்று மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன, மூன்றும் ஹைபிரிட், மூன்றும் 880 குதிரைவலுவுக்கு மேல். அந்த வருடம் செப்டெம்பரில் 918 ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் ரேஸ் பாதையை 6 நிமிடம் 57 விநாடியில் சுற்றியது. ரீச்சர்மாரை விடு தம்பி, நீ போனில் படம் போட்டு வைத்திருக்கிற லம்போகினி ரெவுவெல்டோவும் ஹைபிரிட்தான், வீ12 எஞ்சினோடு மூன்று மின்மோட்டர், மொத்தம் 1015 குதிரைவலு.

இதில் விஷயம் வெறும் குதிரைவலு இல்லை. டர்போ என்பது புகை போகிற வேகத்தில் சுற்றுகிற விசிறி. நீ காலை அமுக்கினதும் எஞ்சின் கொஞ்சம் வேகம் பிடித்து, புகை கூடி, விசிறி சுழன்று, காற்று அமுங்கி உள்ளே போன பிறகுதான் உதை வரும். அந்த இடைவெளிதான் டர்போ லாக். மின்மோட்டருக்கு அப்படி ஒன்றுமே இல்லை, நிற்கிற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையும் கைக்கு வரும். பி1 இல் செய்தது இதைத்தான்: பெரிய டர்போ போட்டார்கள், அது விழிக்கும் வரைக்குமான பள்ளத்தை மோட்டரால் நிரப்பினார்கள். 2024 இல் வந்த பொர்ஷே 911 ஜீ.டி.எஸ். இன்னும் ஒரு படி மேல், மோட்டரை டர்போவின் அச்சிலேயே வைத்துவிட்டார்கள், புகைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பற்றரி 1.9 கிலோவாட் மணி மட்டும், பழைய மாடலோடு பார்த்தால் கூடின எடை 50 கிலோ போல. எனக்குப் பிடித்த ஹைபிரிட் வேலை இதுதான், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு காரையும் தனித்தனியாகப் பிடிப்பதில்லை. ஒரு கம்பனி அந்த வருடம் விற்ற எல்லாக் கார்களின் காபனீரொட்சைட்டையும் கூட்டிச் சராசரி எடுக்கிறது. 2020, 2021 காலத்து இலக்கு கிலோமீற்றருக்கு 95 கிராம். இலக்கைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும் 95 யூரோ, அதை விற்ற கார்களின் எண்ணிக்கையால் பெருக்கு. பெரிய கம்பனிக்கு இது விளையாட்டுக் காசு இல்லை. அதனால்தான் ஃபியட் கிறைஸ்லர், டெஸ்லாவுக்குக் காசு கொடுத்து அதன் பூச்சியக் கணக்கைத் தன் சராசரியோடு சேர்த்துக்கொண்டது. டொயோட்டா இதில் புத்திசாலி. அங்கே விற்றதில் பெரும்பகுதி ஹைபிரிட் என்பதால் சராசரி குறைவு, அந்த இடைவெளியில் 261 குதிரைவலு ஜீ.ஆர். யாரிஸை விற்க முடிந்தது. அதாவது ரீச்சர் ஓடுகிற ஹைபிரிட்தான் உன்னைப் போன்றவனுக்கு ரேஸ் கார் வாங்கித் தருகிறது!

சராசரியில் அப்படி இடம் இல்லாத கம்பனிகள் என்ன செய்தன? சுசுகி ஜிம்னியை 2020 வாக்கில் ஐரோப்பாவில் பயணிகள் காராக விற்பதை நிறுத்திவிட்டு, பின் சீட்டைக் கழற்றி வர்த்தக வாகனமாகக் கொண்டுவந்தார்கள், ஏனென்றால் அதற்குக் கணக்கு வேறு. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 48 வோல்ட் ஹைபிரிட் பூட்டினார்கள். ஜப்பானில் 140 குதிரைவலுவோடு இருந்த அதே கார் ஐரோப்பாவில் 129க்கு இறங்கி, 50 கிலோ போல எடையும் கூடியது. ஹொண்டா சிவிக் டைப் ஆர் 40 கார் கொண்ட கடைசிப் பதிப்போடு ஐரோப்பாவிடம் விடைபெற்றது.

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடம். பிளக்கில் ஏற்றுகிற ஹைபிரிட்டைப் பரிசோதனைக் கூடத்தில் அளக்கும்போது, ஓட்டுபவர் ஒழுங்காகச் சார்ஜ் பண்ணுவார், தூரத்தில் பெரும்பகுதியை மின்சாரத்தில்தான் ஓடுவார் என்று ஒரு கற்பனைக் கணக்கு. அந்தக் கணக்கில் 2024 இன் பி.எம்.டபிள்யூ. எம்5, வீ8 எஞ்சின், 727 குதிரைவலு, 2400 கிலோவுக்கு மேல் எடை, கிலோமீற்றருக்கு 40 கிராமுக்கும் குறைவு என்று சான்றிதழ் வாங்கியது. ஒன்றரை லீற்றர் ஜிம்னி கெட்ட பிள்ளை, இரண்டரை தொன் எம்5 நல்ல பிள்ளை. வீதியில் ஓடின கார்களிலிருந்து எடுத்த தரவை வைத்து ஐரோப்பிய ஆணையமே 2024 இல் சொன்னது, பிளக் ஹைபிரிட்டுகள் கூடத்தில் காட்டியதைப்போல சராசரியாக 3.5 மடங்கு விடுகின்றன என்று. அந்தக் கற்பனைக் கணக்கை 2025 இலிருந்துதான் இறுக்கத் தொடங்கினார்கள்.

மெர்சிடிஸ் சீ63 இன்னொரு பாடம். நாலு லீற்றர் வீ8 ஐத் தூக்கிவிட்டு இரண்டு லீற்றர் நாலு சிலிண்டரும் மோட்டரும் போட்டார்கள். காகிதத்தில் 680 குதிரைவலு, பழையதைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் எடை இரண்டு தொன்னைத் தாண்டியது, சத்தம் போய்விட்டது, பழைய வாடிக்கையாளர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சட்டத்துக்குச் சரியான பதில் ஓட்டுபவனுக்குச் சரியான பதிலாக இருக்கவேண்டும் என்று இல்லை. மறுபக்கம், ஐரோப்பாவில் வருடத்துக்கு 10,000க்கும் குறைவாக விற்கிற கம்பனிகளுக்குத் தனிச் சலுகை உண்டு, அதை பெராரித் திருத்தம் என்று கேலி பண்ணுவார்கள். அது இருந்தும் பெராரி ஹைபிரிட்டுக்குப் போனது என்றால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் போகவில்லை, அதில் வேகம் இருக்கிறது என்று தெரிந்துதான் போனது. அமெரிக்காவில் 1975 இலிருந்து இருந்த எரிபொருள் சிக்கன விதியை மீறினால் கட்டவேண்டிய அபராதத்தை 2025 இல் பூச்சியமாக்கிவிட்டார்கள், அங்கே காற்று இப்போது வேறு பக்கம் வீசுகிறது.

எங்கள் நாட்டுக்கு வந்தால் எல்லாமே மாறும். இங்கே காபனீரொட்சைட்டை யாரும் கேட்பதில்லை. 2008 இலிருந்து வருடாவருடம் புகைப் பரிசோதனை இருக்கிறது, அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது, ஆனால் பெற்றோல் காரில் அவர்கள் பார்ப்பது காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும்தான். எவ்வளவு பெற்றோல் குடிக்கிறது என்பது அவர்களுக்குத் தேவையில்லாத விஷயம். (சைலன்சரில் இருக்கிற கற்றலைற்றிக் கொன்வேர்ட்டரைக் கழற்றி "நேர்க்குழாய்" போடலாம் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். பரிசோதனையில் அடிபடப்போகிற இடம் அதுதான். கழற்றாதே.)

இங்கே காரைத் தீர்மானிப்பது வரி. பெற்றோலுக்கும் ஹைபிரிட்டுக்கும் எஞ்சின் கொள்ளளவில் வரி, மின்சாரக் காருக்குக் கிலோவாட்டில் வரி. ஆயிரம் சி.சி.க்குக் கீழே வரி குறைவு என்றதும் என்ன நடந்தது என்று பார்: ஐரோப்பாவின் கிராம் கணக்குக்காகச் சின்னதாக்கின ஒரு லீற்றர் சிவிக், எங்கள் சி.சி. கணக்குக்குள் கச்சிதமாக விழுந்தது. 988 சி.சி., மூன்று சிலிண்டர், டர்போ, 129 குதிரைவலு. பிரசல்ஸில் போட்ட சட்டத்துக்குச் செய்த கார் கொழும்பு வரிக்குப் பொருந்தியது தற்செயல்தான், ஆனால் அதனால்தான் இன்று திருமலையில் இத்தனை சிவிக் ஓடுகிறது. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும் வரை, உள்ளே இருந்த கார்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிதாக இறக்குவது உன்னுடைய பட்ஜெட்டுக்கு எட்டாது. ஆகவே பழையதுதான்.

இனி மூன்றையும் எங்கள் வீதியில் விட்டுப் பார்ப்போம்.

நகருக்கு வெளியே காருக்குச் சட்டப்படி 70, உள்ளே 50. அதிவேகப் பாதையில் 100, அது எங்கள் பக்கம் கிடையாது. நீ கேட்கிற வேகம் எங்கே தேவைப்படும்? கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில், முன்னால் லொறி 40 இல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கம் வெளியாக இருக்கிற அந்த நாலு விநாடியில். மாலையில் யானை நிற்கிற பாதை அது, அதற்கு மேல் அங்கே வேகம் காட்டுகிறவனுக்கு நான் கார் தேடித் தரமாட்டேன். அந்த 40 இலிருந்து 70க்கு ஏறுகிற வேலைக்கு, எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது (மேல் ரெவ்வில்) வருகிற குதிரைவலு உதவாது, மெதுவாகச் சுற்றும்போதே (அடி ரெவ்வில்) வருகிற இழுவை வேண்டும். சீ.ஆர்.இசட்டில் ஒன்றரை லீற்றர் எஞ்சினோடு ஒட்டியே மோட்டர் இருக்கிறது, மெனுவலில் இரண்டும் சேர்ந்து 136 குதிரைவலு போல, எடை சிவிக்கைவிட நூறு கிலோவுக்கு மேல் குறைவு. ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான், அமுக்கினால் பற்றரியில் இருப்பதைச் சில விநாடிக்கு மொத்தமாகத் தள்ளிவிடும். 918 இல் இருக்கிற யோசனையின் ஏழைத் தம்பி. சிவிக்கும் மோசம் இல்லை, இரண்டாயிரம் ரெவ் தாண்டினால் நன்றாக இழுக்கும், ஆனால் சீ.வீ.டீ. என்ற ஒட்டோ கியரில் காலை அமுக்கினதும் ஒரு யோசனை யோசித்துவிட்டுத்தான் கிளம்பும்.

பெற்றோல்தான் பெரிய வித்தியாசம், இதை யாரும் சொல்வதில்லை. ஐரோப்பாவில் சாதாரண பெற்றோலே 95 ஒக்டேன் (பெற்றோலின் தரத்தைச் சொல்கிற எண்), சிவிக்கின் டர்போ எஞ்சின் அதற்குச் செய்தது. ஜப்பானில் சாதாரண பெற்றோல் 90 போலதான், சீ.ஆர்.இசட் அதற்குச் செய்தது, எங்கள் 92 அதற்குத் தாராளம். சிவிக்குக்கு 92 அடித்தால் உடனே ஒன்றும் வெடிக்காது, கம்பியூட்டர் தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளிக்கும், ஆனால் நீ காசு கொடுத்து வாங்கிய இழுவையில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். 95 எல்லா நிரப்பு நிலையத்திலும் இருக்காது, புல்மோட்டைப் பக்கம் போகிற நாளில் யோசித்துப் போகவேண்டும். சீனக்குடாவில் பிரிட்டிஷ்காரர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கிற ஊரில் பெற்றோலுக்கு யோசிக்கவேண்டி இருக்கிறது என்பது வேறு கதை. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்றபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்தார்கள், ஞாபகம் இருக்கும். என் இன்சைட் அந்த 20 இல் கிழமையை ஓட்டி முடித்து மிச்சமும் வைத்தது, பக்கத்து வீட்டு ஜீப் மூன்று மாதம் வாசலை விட்டு அசையவில்லை.

ஆனால் பற்றரி விஷயத்தில் நான் ஹைபிரிட்டுக்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. என் இன்சைட்டின் பற்றரி ஆறாவது வருடம் கந்தளாய்க்கு இந்தப் பக்கம் கையை விட்டது. விளக்கு எரிந்தது, இழுவை பாதியாகப் போனது, ஆனால் எஞ்சின் ஓடியது, வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இந்தப் பழைய ஹொண்டா முறையில் ஒரு நல்லது அதுதான், பெரிய பற்றரி செத்தாலும் எஞ்சின் தனியே ஓடும். பிரியஸ், அக்குவா என்றால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதே அந்தப் பெரிய பற்றரி என்பதால் நடு வீதியில் நின்றுவிடும். பிறகு வேறு ஊரில் ஒரு கராஜில் "புதுப் பற்றரி" என்று சொல்லிப் பூட்டினார்கள். ஏழு மாதத்தில் அதுவும் போனது. திறந்து பார்த்தால் 84 செல்லில் பாதி பழசு, பாதி வேறெங்கோ கழற்றினது. புதுசும் பழசும் கலந்தால் கெட்டது நல்லதையும் இழுத்துக்கொண்டு போகும், இதைப் படிக்க எனக்குச் செலவான காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

அதனால்தான் 2012 செப்டெம்பருக்குப் பிறகு வந்த மாடல் என்று அடம்பிடிக்கிறேன். அதற்கு முந்தின சீ.ஆர்.இசட்டில் இருந்தது என் இன்சைட்டில் இருந்த அதே நிக்கல் வகை, 100 வோல்ட், 14 குதிரைவலு மோட்டர். பிந்தினதில் லித்தியம், 144 வோல்ட், 20 குதிரைவலு. இரண்டும் வெளியில் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான், விற்கிறவர் முந்தினதைப் பிந்தினது என்று சொல்ல வாய்ப்பு உண்டு, பொனட்டுக்குக் கீழே இருக்கிற மாடல் இலக்கத்தைப் பார். இந்தப் பற்றரி பின்பக்கத் தளத்துக்குக் கீழே இருக்கிறது, காருக்குள் இருக்கிற காற்றை இழுத்துத்தான் ஒரு சின்ன விசிறி அதைக் குளிரவைக்கும். நிலாவெளி வெயிலில் எட்டு மணிநேரம் கண்ணாடி பூட்டி நிற்கிற காரின் காற்று எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஹோட்டலில் நிழலில் இடம் கேள். இன்னொன்று, சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் தானாக அணைந்தால் ஏசியின் குளிரும் நின்றுவிடும், வெறும் காற்று வரும், ஏப்ரலில் அது பெரிய தொல்லை. பின் சீட்டும் பேருக்குத்தான், அம்மாவை ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போகலாம், அம்மாவையும் சித்தியையும் ஏற்ற முடியாது.

சிவிக்கின் பலவீனம் வேறு இடத்தில். அந்த ஒரு லீற்றர் எஞ்சினில் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. சரியான ஒயிலைச் சரியான நேரத்தில் மாற்றாமல் விட்டால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் தூள் ஒயில் போகிற வழியை அடைக்கும். கொழும்பில் ஆறு வருடம் யாரோ ஓடின கார், எந்த ஒயில் விட்டார்கள் என்று யார் சொல்வது? சேர்விஸ் புத்தகம் இல்லாத சிவிக்கை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். மற்றபடி ஐந்து பேர் வசதியாகப் போகலாம், பெரிய பற்றரி என்ற பயம் இல்லை, விற்கும்போது உடனே போகும். கலியாணம் பேசுகிற வீடு என்றால் அக்கா சிவிக்கைத்தான் சொல்லுவா.

மின்சாரக் காரை நான் சீக்கிரம் தள்ளிவிடுகிறேன். உன் பட்ஜெட்டுக்கு வருவது பழைய நிசான் லீஃப்தான், அதன் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு இல்லை, எங்கள் வெயிலில் பத்து வருடம் நின்ற லீஃப்பில் கொழும்புக்கு 260 கிலோமீற்றர் என்பது கனவு. நகருக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு, கூரையில் சோலார் உள்ளவருக்கு, அது இந்த இரண்டையும்விட நல்லது, அதையும் சொல்லவேண்டும். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்ட அன்று மட்டும் பஸ்ஸில் போகலாம்.

குருநாகலில் ஒரு லித்தியம் சீ.ஆர்.இசட் இருக்கிறது, மெனுவல், சிவப்பு. மெனுவல் கிடைப்பதே அரிது. ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்விடலாம். அது கடல் பக்கம் ஓடின காரா என்று பார்க்க அடியில் படுத்துத் துருப் பார்க்கவேண்டும், டோர்ச் எடுத்து வா. பற்றரிக்கு ஸ்கேனர் கொண்டுவர எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் தம்புள்ளையில் ஏறிக்கொள்வார். ஏற்றமான ஒரு இடத்தில் நாலைந்து தரம் முழுக் கால் அமுக்கி ஓடிவிட்டு, பற்றரிக் கோடு திடீரென்று விழுந்து திடீரென்று ஏறுகிறதா என்று பார்ப்போம். விழுந்தால் பேசாமல் திரும்பிவிடுவோம், வருகிற வழியில் ஒரு சிவிக்காரரும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.